கேபிள் டிவி போட்டால் மட்டும் ஸ்பீக்கரில் ஓயாத "ம்ம்ம்" சத்தம்: பாக்ஸ் மாற்றியும் தீரவில்லை

சூரம்பட்டி_வாசி · சனி, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சத்தம் மூன்று மாதமாக என் உயிரை எடுக்கிறது.

ஈரோட்டில் ஒரு மாடி போர்ஷனுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. பழைய வீட்டில் இருந்த அதே டிவி, அதே ஆம்ப்ளிஃபையர், அதே ஸ்பீக்கர்கள்தான். அங்கே ஒரு குறையும் இல்லை. இங்கே கேபிள் இணைப்பு கொடுத்த அன்றிலிருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு சத்தம், திருவிழா ஜெனரேட்டர் இரண்டு தெரு தள்ளி ஓடுவதுபோல. பாட்டு ஓடினால் தெரியாது. சீரியலில் அழுது முடித்துவிட்டு எல்லோரும் அமைதியாக நிற்பார்களே, அங்கே இதுதான் பின்னணி இசை.

ஆம்ப்ளிஃபையர் கடையில் சொல்லி அசெம்பிள் செய்தது. 5.1, இரும்புப் பெட்டி, மூன்று பின் ப்ளக். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள் ஒயர் டிவிக்குப் போகிறது, சிவப்பும் வெள்ளையும் ஆம்ப்ளிஃபையருக்கு.

கேபிள்காரர் பாக்ஸை இரண்டு முறை மாற்றிவிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது "உங்க செட்டுதான் சார் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டார். செட்டைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் தன் போனில் பாட்டுப் போட்டுக் காட்டினார், கண்ணாடி மாதிரி இருந்தது. "கேபிள் சிக்னல் சரியில்லைங்க" என்றார். இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் நான் பந்து.

யாராவது வழி சொல்லுங்கள்.

மொட்டைமாடி · சனி, இரவு 10.05

சகோ, இது எர்த் பிரச்சினை. எனக்கும் இருந்தது. ஆம்ப்ளிஃபையர் ப்ளக்கில் அந்தப் பெரிய பின்னைக் கழற்றிவிட்டு இரண்டு பின்னில் போடுங்கள். ஐந்து நிமிஷ வேலை, காசும் இல்லை.

ஓய்வுபெற்ற_ஒயர்மேன் · சனி, இரவு 10.31

மொட்டைமாடி தம்பி, கோபித்துக்கொள்ளாதே, ஆனால் இந்த யோசனையைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதே.

பின்னைப் பிடுங்கினால் சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் அவர் வைத்திருப்பது இரும்புப் பெட்டி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி 230 வோல்ட் பெட்டியைத் தொட்டால், அதை மண்ணுக்கு இறக்க அந்தப் பின் ஒன்றுதான் வழி. அது இல்லை என்றால் அடுத்து யார் பெட்டியைத் தொடுகிறார்களோ அவர்கள்தான் எர்த். இன்னொன்று: அந்தப் பெட்டி சிவப்பு–வெள்ளை ஒயர் வழியாக செட்டாப் பாக்ஸோடும், அது வழியாகக் கேபிள் ஒயரின் மேல் வலையோடும் (நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல்) சேர்ந்திருக்கிறது. கோளாறு வந்தால் அது இவர் வீட்டோடு நிற்காது. மொட்டை மாடியில் துணி காயப்போடும் பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் போகும். நாற்பது வருஷ வேலையில் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன். போதும்.

ரிச்சி_தெரு · சனி, இரவு 11.10

ஐயா சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. பின்னில் கை வைக்கவேண்டாம்.

நான் ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்கிற ஆள். 4440 ஐ.சி போர்டிலிருந்து 7294 ஐ.சி வரை கட்டிக் கொடுத்திருக்கிறேன். "இரைச்சல்" என்று வரும் கேஸ்களில் பாதி செட்டுக்கே சம்பந்தமில்லாதவை. நீங்கள் மூன்று காரியம் செய்து பார்த்துச் சொல்லுங்கள்.

வால்யூமைச் சுழியத்துக்கு இறக்குங்கள். அப்போதும் சத்தம் அதே அளவில் இருந்தால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால், அதாவது செட்டுக்குள்: ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் சத்தம் வெளியிலிருந்து ஒயர் வழியாக உள்ளே வருகிறது.

அடுத்து, சத்தத்தின் குணம். "ம்ம்ம்" என்று அடிவயிற்றிலிருந்து வருகிறதா, "கிர்ர்ர்" என்று தேனீ மாதிரி வருகிறதா? முதலாவது 50 ஹெர்ட்ஸ், கரண்டின் சொந்தக் குரல். இரண்டாவது என்றால் ஃபேன் ரெகுலேட்டர், எல்.இ.டி பல்பு, சதுர அலை இன்வெர்ட்டர் என்று வேறு பக்கம் தேடவேண்டும்.

கடைசியாக, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது செட்டாப் பாக்ஸின் பின்னால் கேபிள் ஒயரின் திருகை மட்டும் கழற்றுங்கள். வேறு எதையும் தொடவேண்டாம்.

சூரம்பட்டி_வாசி · ஞாயிறு, காலை 8.20

ரிச்சி அண்ணா, செய்தேன்.

வால்யூமோடு ஏறி இறங்குகிறது. சுழியத்தில் சுத்தம். குணம் "ம்ம்ம்" தான்.

மூன்றாவதுதான் ஆச்சரியம். திருகைக் கழற்றிக் கேபிளை வெளியே இழுத்த நொடியில், வாயைப் பொத்தினமாதிரி சத்தம் நின்றது. திரும்ப மாட்டினேன், வந்தது. அதற்கப்புறம் இன்னொன்றும் செய்தேன். ஒயரின் நடுக்கம்பி படாமல், வெளி உலோகத் தொப்பியை மட்டும் பாக்ஸின் விளிம்பில் தொட்டுப் பார்த்தேன். படம் இல்லை, சிக்னல் இல்லை என்று டிவியில் எழுதியிருக்கிறது. ஆனால் சத்தம் வருகிறது!

அப்படியானால் கேபிள்காரர் மேல்தானே தப்பு?

கேபிள்_தம்பி · ஞாயிறு, காலை 9.15

அண்ணா, நான் கரூர் பக்கம் ஒரு கேபிள் ஆபரேட்டரிடம் லைன்மேன். எங்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்.

உங்கள் கடைசிச் சோதனையிலேயே விடை இருக்கிறது. சிக்னல் போவது நடுக்கம்பியில். அது படாமலே சத்தம் வருகிறது என்றால் சத்தத்துக்கும் சிக்னலுக்கும் சம்பந்தமே இல்லை. இப்போது வருவது டிஜிட்டல். பாட்டு, படம் எல்லாம் எண்ணாக வந்து பாக்ஸுக்குள்தான் ஒலியாக மாறுகிறது. சிக்னல் கெட்டால் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி வெட்டி வெட்டி வரும், இல்லை மொத்தமாகப் போகும். "ம்ம்ம்" என்று ஒரே சீராகப் பாடாது. அதனால்தான் இரண்டு பாக்ஸ் மாற்றியும் தீரவில்லை. இருபது மாற்றினாலும் தீராது.

ஆனால் எங்கள் ஒயரின் மேல் வலை வழியாக ஏதோ வருகிறது, அதை மறுக்கவில்லை. தெருவில் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு எங்கேயாவது ஒரு வீட்டிலிருந்துதான் கரண்ட் எடுத்திருப்போம். அந்த எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று சட்டமில்லை.

பழைய_ஆன்டெனா · ஞாயிறு, காலை 10.02

தம்பி "டிஜிட்டலில் இரைச்சல் வராது" என்றதும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் தடம் மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனலாக் காலத்தில் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். "உஸ்ஸ்" என்றால் சிக்னல் குறைவு. படத்தில் வெள்ளை எழுத்து வரும்போது மட்டும் "ர்ர்ர்" என்று உறுமினால், அனுப்புகிற இடத்தில் படத்தின் அளவைக் கூட்டி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நம் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஒலி அலை பட அலைக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி உட்கார்ந்திருக்கும். டிவிக்குள் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துதான் ஒலி பிரியும். படம் அளவு மீறினால் அந்தக் கலப்பில் ஒலியும் கெடும். செய்தியின் தலைப்பு எழுத்து வந்தாலே எங்கள் வீட்டு டிவி உறுமும். என் பாட்டி, செய்தி வாசிக்கும் பெண்ணுக்குத்தான் தொண்டை சரியில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியில் எண்பதுகளில் இருபதடி பைப்பில் ஆன்டெனா ஏற்றி இலங்கையின் ரூபவாகினி டிவி பார்த்த கூட்டம் நாங்கள். காற்றடித்தால் ஒரு ஆள் மாடியில், ஒரு ஆள் ஜன்னலில், ஒரு ஆள் டிவி முன்னால். "வந்துச்சா?" "வந்துச்சு!" "போச்சு!" அந்த இரைச்சலுக்கு மருந்து மாடியில் இருந்தது. இப்போதைய சத்தத்துக்கு மருந்து மண்ணில் இருக்கிறது போல.

அடுப்படி_ரேடியோ · ஞாயிறு, காலை 10.40

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டிலும் சத்தப் பிரச்சினைதான், ஆனால் "ம்ம்ம்" இல்லை. சில சேனலில் மட்டும் வசனம் பாதியில் விழுங்கினமாதிரி "டக்… டக்" என்று வெட்டுகிறது. மழை பெய்தால் அதிகம். எர்த்தா?

கேபிள்_தம்பி · ஞாயிறு, காலை 10.52

இல்லைக்கா, உங்களுடையது அசல் சிக்னல் கோளாறு, எங்கள் இலாகா. சில சேனலில் மட்டும் என்றால் அந்த அலைவரிசை பலவீனம். மழையில் அதிகம் என்றால் எங்கேயோ ஜாயின்ட்டில் தண்ணீர். டேப் சுற்றிக் கையால் முறுக்கிய ஜாயின்ட் எங்காவது இருக்கும். அதை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டுக் கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்குள் டிவிக்கு டிவி பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் இருந்தால் அதைத் தாண்டி நேராக ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

ரிச்சி_தெரு · ஞாயிறு, மதியம் 12.15

சூரம்பட்டி, உங்கள் தொப்பிச் சோதனை பிரமாதம். அதுவே முக்கால் வேலை.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிணறு. தண்ணீர் மட்டம் வேறு வேறு. தனித்தனியாக இருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. நடுவில் குழாய் போட்டால் தண்ணீர் ஓடும். உங்கள் வீட்டு எர்த் ஒரு கிணறு, கேபிள் ஒயரின் மேல் வலை இன்னொரு கிணறு. நீங்கள் மாட்டிய சிவப்பு–வெள்ளை ஒயரின் வெளிச்சுற்றுதான் குழாய். அதில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுகிறது. அதே வெளிச்சுற்றைத்தான் பாட்டும் திரும்பி வரும் வழியாகப் பயன்படுத்துகிறது. எனவே ஆம்ப்ளிஃபையர் இரண்டையும் சேர்த்துப் பாட்டு என்று நினைத்துப் பெருக்குகிறது.

மெக்கானிக் போனில் போட்டபோது சத்தம் வரவில்லை, ஏனென்றால் போன் பேட்டரியில் ஓடுகிறது. இரண்டாவது கிணறே இல்லை. அவரும் பொய் சொல்லவில்லை, கேபிள்காரரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பக்கம் சுத்தம்தான், சேர்க்கும்போதுதான் வில்லங்கம்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? ஏ.சி வோல்ட்டில் வைத்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் ஸ்க்ரூவுக்கும் கேபிள் தொப்பிக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அப்புறம் அதே ஸ்க்ரூவுக்கும் செட்டாப் பாக்ஸின் ஆடியோ துளை விளிம்புக்கும், கேபிள் மாட்டாமல். ஆம்ப்ளிஃபையர் ப்ளக் சுவரில் இருக்கட்டும், எர்த் வேண்டும். காலில் செருப்பு, மீட்டர் ஒயரின் உலோக முனையில் விரல் படக்கூடாது.

சூரம்பட்டி_வாசி · ஞாயிறு, மாலை 5.48

மீட்டர் இரவல் வாங்கி அளந்தேன்.

கேபிள் தொப்பி: 4 வோல்ட்.
கேபிள் இல்லாமல் செட்டாப் பாக்ஸ்: 87 வோல்ட்!!

பாக்ஸ்தான் குற்றவாளியா? 87 என்றதும் என் மனைவி பாக்ஸ் பக்கமே போகக்கூடாது என்று பையனுக்கு உத்தரவு போட்டுவிட்டார்.

ஓய்வுபெற்ற_ஒயர்மேன் · ஞாயிறு, மாலை 6.30

பயப்படவேண்டாம். 87 குரைக்கிற நாய், 4 கடிக்கிற நாய்.

இரண்டு பின் அடாப்டரில் ஓடும் எந்தப் பெட்டியிலும் இப்படி ஒரு மிதக்கும் வோல்ட்டேஜ் இருக்கும். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்னக் கண்டென்சர் வைத்திருப்பார்கள், அதன் வழியாகக் கசிவது. டெஸ்டர் வைத்தால் எரியும், ஈரக் கையால் தொட்டால் லேசாகச் சுர்ரென்னும். ஆனால் அதற்குப் பின்னால் பலம் இல்லை. மீட்டர் கரண்டே எடுக்காமல் அளப்பதால் அவ்வளவு காட்டுகிறது.

சோதிப்பது எளிது. ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரை மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே க்ளிப்பில் மாட்டி அளக்கவேண்டும். போலி வோல்ட்டேஜ் என்றால் விழுந்துவிடும். விழவில்லை என்றால் அசல். ஆனால் இதைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். சுவிட்சை அணைத்து, க்ளிப் மாட்டி, அப்புறம் போட்டு, தூரத்தில் நின்று எண்ணைப் பாருங்கள். ரெசிஸ்டர் சூடானால் உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கைப்பழக்கம் இல்லை என்றால் முதலிலேயே கூப்பிடுவது நல்லது.

சூரம்பட்டி_வாசி · திங்கள், காலை 7.05

நேற்று இரவு பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அவர் கையாலேயே செய்யவைத்தேன்.

செட்டாப் பாக்ஸ் 87 இலிருந்து 0.1 க்கு விழுந்துவிட்டது. கேபிள் தொப்பி 4 இலிருந்து 3.7. அசையவே இல்லை. ஐயா சொன்னது அட்சரம் பிசகவில்லை.

இன்னொரு விஷயம். இதை எழுதுவதற்குக் காரணமே இதுதான். இன்று காலை ஆறு மணிக்கு என் மனைவி பக்திப் பாடல் போட்டார். "இந்நேரத்துக்குத்தான் இந்தச் சத்தம் ரொம்ப ஜாஸ்தி, உங்களுக்குத் தெரியாது, நீங்க தூங்குவீங்க" என்றார். கேட்டேன், நிஜம்தான், இரண்டு மடங்கு. மீட்டரை எடுத்து வந்து வைத்தேன். 11 வோல்ட்! கால் மணி நேரம் கழித்து மறுபடி 4.

ஆறு மணிக்குக் கேபிளில் என்ன விசேஷம்?

ஓய்வுபெற்ற_ஒயர்மேன் · திங்கள், காலை 7.40

கேபிளில் ஒன்றும் விசேஷம் இல்லை. கால் மணி நேரம் ஓடி நிற்கிற பொருள் வீட்டில் என்ன? மோட்டார். கீழ் வீட்டில் ஆறு மணிக்குத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறார்களா?

இத்தனை நேரம் எல்லோரும் "கேபிள் ஒயரில் 4 வோல்ட்" என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மீட்டருக்கு இரண்டு முனை. ஏறுவது கேபிளாக இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? உங்கள் வீட்டு எர்த்தே ஏறலாம். மோட்டார் காயில் கசிந்து, கசிகிற கரண்ட் எர்த் கம்பியில் இறங்கி, எர்த் குழி காய்ந்து கிடந்தால், அந்த வீட்டு எர்த் மொத்தமும் மண்ணைவிட மேலே தூக்கும். உங்கள் ஆம்ப்ளிஃபையர் பெட்டி, வாஷிங் மெஷின், கிரைண்டர், எல்லாவற்றின் உடம்பிலும் அந்த 11 வோல்ட்.

மூன்று கேள்வி. எர்த் குழி எங்கே, கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினார்கள்? கீழ் வீட்டில் யாராவது ஷாக் அடிக்கிறது என்று சொன்னார்களா? கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி இருக்கிறதா?

சூரம்பட்டி_வாசி · திங்கள், இரவு 9.30

ஐயா, கை நடுங்குகிறது, அப்படியே எழுதுகிறேன்.

ஓனர் அம்மாவிடம் கேட்டதும் "ஆமாப்பா, வாஷிங் மெஷினைத் தொட்டா ரெண்டு மூணு மாசமா சுர்ருங்குது, வயசாச்சு, நரம்புத் தளர்ச்சினு நெனச்சேன்" என்றார்.

ஈ.எல்.சி.பி பெட்டி சுவரில் இருக்கிறது. ஆனால் அடிக்கடி விழுகிறது என்று போன மழைக்காலத்தில் யாரையோ வைத்து அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டார்களாம்.

எர்த் குழியைத் தேடவே அரைமணி நேரம் ஆனது. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், உடைந்த பூந்தொட்டிகளுக்கு அடியில். மூடியைத் தூக்கினால் உள்ளே எறும்புப் புற்று. மண் பொரிகடலை மாதிரி உதிர்கிறது. நான்கு குடம் ஊற்றினோம், "ஸ்ஸ்" என்று குடித்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் மோட்டாரின் ஒயரைப் பிரித்து, கசிவைச் சோதிக்கும் மெக்கர் மீட்டரை வைத்தார். ஒரு மெகா ஓமுக்கு மேல் இருக்கவேண்டிய இடத்தில் முள் சுழியத்தை ஒட்டி நின்றுவிட்டது. மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு அனுப்பியாயிற்று. ஈ.எல்.சி.பி-யை மறுபடி இணைத்தார். இப்போது விழாமல் நிற்கிறது. மோட்டார் வரும் வரை பக்கத்து வீட்டுக் குழாயில் குடம்.

மொட்டைமாடி · திங்கள், இரவு 9.51

ஐயா, மன்னிச்சுக்குங்க. என் செட்டில் பின் இல்லாமல் ஒன்றரை வருஷமாக ஓடுகிறது. இப்போதுதான் எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கு மாற்றிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற_ஒயர்மேன் · திங்கள், இரவு 10.04

நல்லது தம்பி. மாற்றின பிறகு சத்தம் வரும், வந்தால் இங்கேயே எழுது. அதற்கு வேறு வழி இருக்கிறது.

சூரம்பட்டி_வாசி · வியாழன், இரவு 8.15

நிலவரம்: எர்த் குழி நனைந்த பிறகு 4 வோல்ட் 1.8 ஆகிவிட்டது. காலை நேர ஏற்றம் போயே போச்சு. ஆனால் "ம்ம்ம்" முழுக்கப் போகவில்லை. பாதிக்கும் கீழே இருக்கிறது. அமைதியான காட்சியில் இன்னும் காதில் விழுகிறது.

இது மிச்சம் எப்படிப் போகும்?

பழைய_ஆன்டெனா · வியாழன், இரவு 8.40

அந்தக் காலத்து வைத்தியம் ஒன்று. ஆன்டெனாவுக்குப் போடும் பேலன் இருக்கிறதல்லவா, 300 ஓமை 75 ஓமாக மாற்றுகிற சின்ன டப்பா? இரண்டு வாங்கி, 300 பக்கத்தின் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு, கேபிளுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் மாட்டுங்கள். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான், அதனால் சிக்னல் தாண்டும், 50 ஹெர்ட்ஸ் தாண்டாது. ஆனால் உள்ளே கம்பி தொடர்ச்சி இல்லாத ரகமா என்று மீட்டரில் பார்த்து வாங்கவேண்டும். டி.டி.எச் டிஷ்ஷுக்கு இது உதவாது, அதில் டிஷ் தலைக்குக் கரண்ட் ஒயர் வழியாகவே போகவேண்டும்.

சூரம்பட்டி_வாசி · வெள்ளி, இரவு 9.10

பேலன் போட்டேன். சத்தம் நின்றது! ஆனால் எட்டுப் பத்துச் சேனல்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. அதில் ஒன்று அம்மா பார்க்கும் சீரியல் சேனல். எனவே பேலன் பதவி இழந்தது.

அடுத்து சிவப்பு–வெள்ளை ஒயரின் நடுவில் போடும் ஆடியோ ஐசொலேட்டர், 250 ரூபாய். அதிலும் சத்தம் நின்றது. ஆனால் சப்-ஊஃபரில் உயிர் இல்லை. குத்துப்பாட்டு கதகளி மாதிரி ஆகிவிட்டது.

கேபிள்_தம்பி · வெள்ளி, இரவு 9.22

பேலனில் அப்படித்தான் ஆகும் அண்ணா. சிக்னல் கொஞ்சம் குறையும், திறந்த கம்பியில் வெளி அலைகளும் ஏறும். விளிம்பில் நிற்கும் சேனல்கள் விழும். உலோக மூடியோடு வரும் கேபிள் ஐசொலேட்டர் என்றே தனியாக இருக்கிறது, அது பரவாயில்லை.

ரிச்சி_தெரு · வெள்ளி, இரவு 10.35

மலிவு ஐசொலேட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் கடலைப்பருப்பு அளவில்தான் இருக்கும். தாழ்ந்த ஒலி வந்தால் அதன் இரும்பு காந்தத்தில் நிரம்பி அதற்கு மேல் தாங்காது, பேஸ் சப்பையாகும். பேச்சுக்குப் போதும், சப்-ஊஃபர் வைத்திருக்கிறவருக்குப் போதாது.

டிவியின் பின்னால் ஆப்டிகல் என்று சின்னச் சதுரத் துளை இருக்கிறதா பாருங்கள், சிவப்பு வெளிச்சம் தெரியும். இருந்தால் செட்டாப் பாக்ஸை எச்.டி.எம்.ஐ-யில் டிவிக்குக் கொடுங்கள், டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயரை வெளியே எடுங்கள். உங்கள் அசெம்பிள் செட்டில் ஆப்டிகல் துளை இருக்காது. அதற்கு டி.ஏ.சி என்று தீப்பெட்டி சைஸில் ஒரு கன்வெர்ட்டர் கிடைக்கும். ஆப்டிகல் உள்ளே, சிவப்பு–வெள்ளை வெளியே. நடுவில் போவது வெளிச்சம். பிளாஸ்டிக் நூலில் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. இரண்டு கிணற்றுக்கும் நடுவில் குழாயே கிடையாது.

சூரம்பட்டி_வாசி · செவ்வாய், இரவு 9.55

டி.ஏ.சி வந்தது. கதையைக் கேளுங்கள்.

மாட்டினேன். முதலில் சத்தமே இல்லை. நல்ல சத்தமும் இல்லை, கெட்ட சத்தமும் இல்லை. அரைமணி நேரம் ஒயரை மாற்றி மாற்றிச் சொருகினேன். கடைசியில் டிவியின் செட்டிங்ஸில் டிஜிட்டல் ஒலி "ஆட்டோ" என்று இருந்ததை "பி.சி.எம்" என்று மாற்றியதும் பாட்டு வந்தது. டால்பி என்கிற சுருக்கிய வடிவில் அனுப்பினால் இந்தக் குட்டி டப்பாவுக்குப் புரியாதாம்.

பாட்டு வந்தது. கூடவே "ம்ம்ம்" வந்தது!

எனக்கு அழுகை வராத குறை. ஆப்டிகல் வழியாக எப்படி வரும்?

ரிச்சி_தெரு · செவ்வாய், இரவு 10.02

டி.ஏ.சி-க்கு 5 வோல்ட் எங்கிருந்து கொடுத்தீர்கள்?

சூரம்பட்டி_வாசி · செவ்வாய், இரவு 10.04

டிவியின் யு.எஸ்.பி-யிலிருந்து. பக்கத்திலேயே இருந்தது.

ரிச்சி_தெரு · செவ்வாய், இரவு 10.05

😄 முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். யு.எஸ்.பி-யின் மைனஸ் டிவியின் உடம்பு. எச்.டி.எம்.ஐ-யின் வலை டிவியின் உடம்பைச் செட்டாப் பாக்ஸோடு சேர்க்கிறது. பாக்ஸ் கேபிளோடு. மறுபடி குழாய். ஒரு பழைய போன் சார்ஜரில் தனியாகக் கொடுங்கள்.

சூரம்பட்டி_வாசி · செவ்வாய், இரவு 10.19

நின்றுவிட்டது.

வால்யூமை முழுக்கத் திருகிவைத்துக் காதை ஸ்பீக்கரில் ஒட்டிக் கேட்டேன். மெல்லிய "ஸ்ஸ்" மட்டும். ஃபேனை மூன்றில் வைத்தால் லேசாக ஒரு "கிர்", அது ரெகுலேட்டர் என்று நினைக்கிறேன், அதை மாற்றிக்கொள்ளலாம். சீரியலில் எல்லோரும் அழுதுவிட்டு அமைதியாக நிற்கிறார்கள். அமைதி, நிஜமாகவே அமைதி. அம்மா "என்னடா, சவுண்டு போச்சா?" என்று கேட்டார்.

சிங்கைவாசி · புதன், காலை 6.50

இங்கே சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் என்கிற கேபிள் கம்பெனி 2019 இலேயே பழைய கேபிளை நிறுத்திவிட்டு எல்லோரையும் ஃபைபருக்கு மாற்றிவிட்டது. கண்ணாடி நூலுக்கு எர்த்தும் தெரியாது, மோட்டாரும் தெரியாது. ஊரில் இன்னும் வரவில்லையா?

கேபிள்_தம்பி · புதன், காலை 8.05

வந்துகொண்டிருக்கிறது அண்ணா. எங்கள் ஏரியாவிலேயே சில தெருக்களில் வீட்டு வாசல் வரை ஃபைபர்தான். உள்ளே ஒரு சின்னப் பெட்டி வைத்து அதிலிருந்து இரண்டு அடி கேபிள் ஒயர் பாக்ஸுக்குப் போகும். அங்கெல்லாம் இந்த "ம்ம்ம்" கம்ப்ளெய்ன்ட் வந்து நான் பார்த்ததில்லை. எலி கடித்தால்தான் தகராறு.

ஓய்வுபெற்ற_ஒயர்மேன் · புதன், காலை 8.30

சூரம்பட்டி தம்பி, மோட்டார் திரும்பி வந்ததும் மாட்டுவதற்கு முன்னால் மறுபடி மெக்கர் வைக்கச் சொல். கோடையில் வாரம் ஒரு குடம் எர்த் குழிக்கு. ஓனர் அம்மாவிடம் நரம்புத் தளர்ச்சி இல்லை என்றும் சொல்லிவிடு.

சூரம்பட்டி_வாசி · புதன், காலை 8.44

சொல்லிவிட்டேன் ஐயா. மாத்திரைக்குக் கொடுத்த காசை யார் திருப்பித் தருவார்கள் என்று கேட்கிறார்.